ஏர் இன்டேக் மாற்றும் முன் கம்பெனி டப்பாவைத் திறந்து பாருங்கள்

போன மாதம் சொந்தக்காரப் பையன் ஒருவன் வண்டியை வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பானட்டைத் தூக்கி, கம்பெனி டப்பாவுக்குப் பதிலாக மாட்டிய, இளநீர் சைஸில் சிவப்பாக இருந்த ஒரு கோன் ஃபில்டரை, அதாவது கூம்பு வடிவக் காற்று வடிகட்டியைக் காட்டி, "அண்ணே, பிக்கப் சும்மா பறக்கு" என்றான். சாவியை வாங்கி ஒரு சுற்று போய் வந்தேன். சத்தம் பறந்தது உண்மைதான், வண்டி பழையபடிதான் போனது.

எல்லாரும் செய்கிற முதல் தவறு இதுதான், காதை நம்பிவிடுவது. ஃபில்டர் உட்காரும் கம்பெனி டப்பாவோடு, அதாவது ஏர் பாக்ஸோடு, சேர்ந்து வெற்று அறை மாதிரி இன்னொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், ரெசொனேட்டர் என்பார்கள். இன்ஜின் காற்றை இழுக்கும்போது வரும் சத்தத்தை அடக்குவது அதன் வேலை, சில வண்டிகளில் குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) இழுவைக்கும் அது உதவும். அதைக் கழற்றினால் 'ஹூம்' என்ற சத்தம் உள்ளே வரும், மூளை அதை வேகம் என்று எடுத்துக்கொள்ளும். நாகர்கோவில் வடசேரி நெரிசலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது மட்டும் ஏதோ மந்தமாக இருக்கிறதே என்று தோன்றும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.2 லிட்டர் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை 1.2 லிட்டர் காற்றை இழுக்கும். 6000 ஆர்பிஎம்மில் அது நிமிடத்துக்கு 3600 லிட்டர், 2000 ஆர்பிஎம்மில் 1200 லிட்டர்தான். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகிற ரோட்டில் 6000-ஐ எங்கே தொடப்போகிறோம்? போதாததற்கு, பெட்ரோல் வண்டியில் ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது காற்றை அடைத்து வைத்திருப்பதே இன்ஜின் வாயில் இருக்கும் த்ராட்டில் என்ற மூடிதான், அதாவது உங்கள் கால்தான். அந்த நேரத்தில் ஃபில்டர் எவ்வளவு தாராளமாக இருந்தால் என்ன?

சரி, என் வண்டியில் கம்பெனி டப்பா உண்மையிலேயே மூச்சை அடைக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் பெரிய செலவு இல்லாமலே பார்க்கலாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப் இருக்கிறதே, அதில் மெல்லிசு ஒன்றை வாங்கினேன். ஏர் பாக்ஸில் ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் சின்னத் துளை போட்டு ஒரு முனையைச் செருகி, மறு பாதியை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஒரு பலகையில் 'U' வடிவில் கட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றி, பக்கத்து சீட்டில் இருந்த நண்பன் கையில் ஸ்கேலோடு கொடுத்தேன். ஆரல்வாய்மொழி பக்கம் ரோடு காலியாக இருந்தபோது மூன்றாம் கியரில் முழு மிதி. இரண்டு பக்கத் தண்ணீருக்கும் நடுவே வித்தியாசம் 16 சென்டிமீட்டர் காட்டியது. காற்று மண்டலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 10.3 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். அப்படியானால் நான் இழப்பது ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஃபில்டரையே கழற்றி எறிந்தாலும் 80 குதிரைத்திறன் வண்டியில் ஒன்றேகால் குதிரை கிடைக்கும், அதுவும் முழு மிதியில் மட்டும். செய்து பார்க்கிறவர்கள் தண்ணீர் மேலே ஏற ஒரு முழமாவது இடம் விட்டுக் கட்டுங்கள், இல்லையென்றால் இன்ஜின் அதையும் குடித்துவிடும். முடிந்ததும் துளையை ரப்பர் வைத்து அடைக்க மறக்கக் கூடாது.

முன்னால் வாய் வைத்துவிட்டால் எதிர்க்காற்று தானாக உள்ளே தள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முழுவதும் உள்ளே போனாலும் கூடுகிற அழுத்தம் அரை சதவீதத்துக்கும் குறைவு. முப்பந்தல் காற்று காற்றாலைக்குத்தான் லாயக்கு.

அடுத்தது சூடு. கோன் ஃபில்டரைத் தடுப்பு எதுவும் இல்லாமல் பானட்டுக்கு உள்ளேயே பொருத்தினால், ரேடியேட்டரும் எக்சாஸ்டும் கக்குகிற சூட்டைத்தான் இன்ஜின் இழுக்கும். வெளியே 34 டிகிரி, பானட்டுக்குள் 60 என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைந்துவிடும். ஒன்றரையைப் பிடிக்கப் போய் எட்டை விடுகிற கதை. உங்கள் கம்பெனி டப்பாவின் குழாய் எங்கே போகிறது என்று ஒரு தடவை விரலால் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னாலோ ஃபெண்டர் பக்கமோ போய் வெளிக்காற்றைத்தான் எடுக்கும். கோல்டு ஏர் இன்டேக் என்று விற்கிறார்களே, அது ஏற்கெனவே உங்கள் வண்டியில் இருக்கிறது!

சூடு வேண்டாம் என்று பம்பருக்குக் கீழே ஃபில்டரை இறக்குகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை, ஜூனில் இடவப்பாதி, அப்புறம் ஐப்பசி கார்த்திகை. 2021 நவம்பர் மழையில் குழித்துறைப் பக்கம் தெரிந்தவர் ஒருவர், முன்னால் ஆட்டோ போகிறதே என்று நம்பி முட்டளவு தண்ணீரில் வண்டியை விட்டார். நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வொர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜினைச் சுற்றியதும் தண்ணீர் பீச்சியடித்தது. மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "மக்கா, வெள்ளம் கேறிட்டு, ராடு வளைஞ்சாச்சு" என்றார். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும்போது எதாவது ஒன்று வளைந்துதான் ஆக வேண்டும். சாதாரண இன்சூரன்ஸில் இதற்குப் பெரும்பாலும் பணம் வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தாலும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டிக் கையை விரிக்க இடமுண்டு.

தூசி விஷயத்தில் யாரும் கேள்வியே கேட்பதில்லை. எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை நோக்கிப் போகிற டாரஸ் லாரிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஓட்டியவருக்குத் தெரியும் நாம் என்ன சுவாசிக்கிறோம் என்று. கல்தூள் உள்ளே போனால் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். தாராளமாகக் காற்று விடுகிற ஃபில்டர் தூசியையும் தாராளமாக விடுமா? ஃபில்டர் எவ்வளவு தூசியைப் பிடிக்கிறது என்று பார்க்கிற ஐஎஸ்ஓ 5011 முறையில் சோதித்த அளவு உண்டா என்று கடையில் கேளுங்கள், பதில் இல்லையென்றால் அதை வாங்காதீர்கள். எண்ணெய் தடவுகிற காட்டன் ஃபில்டர் என்றால் கழுவிவிட்டு எண்ணெயைக் கொட்டாமல் அளவாகத் தடவ வேண்டும். அதிகமானது பறந்து போய் உள்ளே வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரின் மெல்லிய சூடான கம்பியில் படியும், அது காற்றைத் தப்பாக அளக்கும், மைலேஜ் போகும், செக் இன்ஜின் லைட் எரியும். அந்தச் சென்சார் உட்காரும் குழாயின் விட்டம் மாறினாலும் இதே கூத்துதான், பெரிய குழாய் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள்.

டர்போ டீசல்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பூஸ்ட் (டர்போ கூட்டித் தள்ளும் காற்றழுத்தம்) எவ்வளவு, டீசல் எவ்வளவு என்பதை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுதான் முடிவு செய்கிறது, ஃபில்டரை மட்டும் மாற்றி மந்திரம் எதிர்பார்க்க வேண்டாம்.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கிறது. இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் ப்ரீதர் ஹோஸைப் புதுக் குழாயில் மாட்ட இடம் இல்லை என்று அப்படியே தொங்க விடுவார்கள், செய்யவே கூடாது. குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையோரம் வீடு இருந்தால் மலிவு கிளாம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் தளர்ந்து, ஃபில்டரைத் தாண்டி வடிகட்டாத காற்று நேராக உள்ளே போகும். சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது, 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை என்று வருகிறது. அடிக்கடி திருவனந்தபுரம் போகிறவர்கள் கேரள மோட்டார் வாகனத் துறையின் கெடுபிடியைப் பார்த்திருப்பீர்கள்.

ஆசை அடங்கவில்லை என்றால் கம்பெனி டப்பாவுக்குள்ளேயே அதே அளவில் உட்காரும் நல்ல ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள், ஓரத்து ரப்பர் சுற்றிலும் ஒழுங்காகப் படிகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தப் பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். யோசித்துவிட்டுச் சரி என்றான், பழைய டப்பா எங்கேடா என்று கேட்டதும் தலையைச் சொறிந்தான். பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்குப் போட்டு மூன்று வாரம் ஆகிறதாம்.