பரணில் கிடக்கும் கொமடோர் 64ஐ மீண்டும் இயக்குவது எப்படி?

இலண்டனிலிருந்தோ ஜேர்மனியிலிருந்தோ உறவினர் எப்போதோ கொண்டுவந்த கொமடோர் 64 ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், தூசி தட்டிய கையோடு அதை மின்சாரத்தில் செருகிவிடாதீர்கள். 1982இல் விற்பனைக்கு வந்த இந்தக் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது, செங்கல்போல் கனக்கும் அதன் மின்வழங்கியையே. 5 வோல்ற் நேரோட்டத்தையும் 9 வோல்ற் ஆடலோட்டத்தையும் தரும் அந்தப் பெட்டிக்குள் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறாது. வோல்ற்றளவைச் சீராக வைத்திருக்கும் உள்ளிருக்கும் ஒழுங்காக்கி பழுதாகும்போது 5 வோல்ற் குறைவதற்குப் பதிலாகக் கூடி, நினைவகச் சில்லுகளை எரித்துவிடக்கூடும். ஆகவே செருகியைக் கணினியில் பொருத்தாமல் மல்ரிமீற்றரால் அளந்து, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அளவுங்கள். 5.25 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அதைக் கைவிடுங்கள். சுமையின்றி அளக்கும்போது சரியாகக் காட்டுவதும் முழு உத்தரவாதமன்று என்பதால், என்னைக் கேட்டால் புதிய மின்வழங்கி வாங்குவதே நல்லது. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ற் பெட்டியை இலங்கையின் 230 வோல்ற்றில் செருகவே கூடாது.

அடுத்தது திருகோணமலை போன்ற நமது கடலோர ஊர்களின் உப்புக்காற்று. கணினியின் பின்புறத்தில் சுற்றுப்பலகையின் விளிம்பே இணைப்பியாக வெளியே தெரியும். அந்தச் செப்புப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். வாடைக்கால ஈரம் முழுவதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்கவும்.

இங்கிலாந்துக் கணினியை அன்ரனா வயர் வழியாக இங்குள்ள ரிவியில் இணைத்தால் படம் வந்தும் ஒலி வராமற் போகலாம். இங்கிலாந்தில் படத்துக்கும் ஒலிக்குமான அலைவரிசை இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ், நமக்கு 5.5. இது பழுதன்று, ஏவி வயரைப் பயன்படுத்தினால் போதும்.

நீலத் திரையில், நிரலுக்குக் கிடைக்கும் நினைவகத்தின் பைற் எண்ணிக்கையாக 38911 தோன்றினால் நினைவகம் தேறிவிட்டது. அதைவிடக் குறைந்தால் சில்லு ஒன்று பழுது. திரை கறுப்பாகவே இருந்தால், ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

கசெற்றிலிருந்து நிரலை ஏற்றுமுன் வாசிக்கும் தலையையும் அதே அல்ககோலால் துடைத்துவிட்டு, ஷிப்ட், ரன்ஸ்டொப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, கசெற் கருவியின் பிளே பொத்தானை அமுக்குங்கள். உடனே எழுத்துகள் மறைந்து திரை வெறுமையாகிவிடும். கணினி செத்துவிட்டதென்று பதறி அணைத்துவிடாதீர்கள், நீளமான நிரலுக்குப் பத்து நிமிடமும் தாண்டும்.