அன்னபூர்ணா சுற்று: கணவாய்க்கு அந்தப் பக்கம் தேதி குறிக்காதீர்கள்

அக்டோபர் நெருங்கும்போது யாராவது ஒரு தம்பி எக்செல் தாளை அனுப்பி, “அண்ணா, பிளான் சரியா இருக்கான்னு பாருங்க” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நம் ஊரிலிருந்து போகும் பலருக்கும் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதைதான் மலையில் நடக்கும் முதல் நெடும்பாதை. வழியெல்லாம் டீ ஹவுஸ் என்ற சின்ன விடுதிகள் இருப்பதால் கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டாம். விசா வேண்டாம். பருப்பும் சோறும் எங்கேயும் கிடைக்கும். நல்ல தேர்வுதான். ஆனால் எங்கள் தலைமுறை திட்டத்தில் விட்ட அதே ஓட்டைகள் இன்று வரும் தாள்களிலும் அப்படியே இருக்கின்றன. புது ஷூவோடு போகாதே, ஜீன்ஸ் போடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடுவது

தாளில் நாள், ஊர், தூரம், நடக்கும் நேரம் எல்லாம் இருக்கும். ராத்திரி படுக்கும் இடத்தின் உயரம் மட்டும் இருக்காது. பாதை தொடங்கும் பெசிசஹர் 760 மீட்டர். தாண்ட வேண்டிய தோரோங் லா கணவாய் 5,416 மீட்டர். வழியில் வரும் சாமே என்ற ஊரே நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சம் உயரம். அதற்கு மேல் எவ்வளவு தூரம் நடந்தோம் என்பது பெரிய விஷயமில்லை, எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஓர் இரவு கூடுதலாக வேண்டும்.

“வெள்ளியங்கிரி ஏழு மலையையும் ஒரே மூச்சில் ஏறினேன்” என்று சொல்வார்கள். காலுக்கு அது நல்ல பயிற்சி. ஆனால் உயரம் பழகுவதற்கும் உடல் வலுவுக்கும் சம்பந்தமில்லை. கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு ரத்தமும் மூச்சும் பழக நாள் வேண்டும். வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள், அதனாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். இப்போது மனாங் வரை ஜீப் பாதை வந்துவிட்டது. பெசிசஹரில் ஏறி நேரே 3,540 மீட்டரில் போய் இறங்குவதை ‘நாள் மிச்சம்’ என்று எண்ணாதீர்கள்.

கணவாய்க்கு அந்தப் பக்கம் தேதி குறிப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்காத தவறு இது.

கணவாயைத் தாண்டி இறங்கினால் வருவது முக்திநாத். நமக்கு அது திருச்சாளக்கிராமம், ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அதனால் ஓர் அழகான யோசனை தோன்றும்: நான் நடந்து கணவாயைக் கடக்கிறேன், அப்பா அம்மா போக்ராவிலிருந்து ஜோம்சோமுக்கு விமானத்தில் வந்து, ஜீப்பில் முக்திநாத் ஏறட்டும், ஏகாதசியன்று எல்லாரும் சேர்ந்து 108 தாரைகளில் நீராடிச் சேவிப்போம். அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு தேதி உங்கள் மலைப் பயணம் முழுவதையும் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கிவிடும்.

எப்படி என்றால், தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவீர்கள். கணவாய், அதற்கு முந்தைய இரவு தோரோங் பேடி, அதற்கு முன் யாக் கர்க்கா, அதற்கு முன் மனாங். கீழே ஒரு மண்சரிவு, ஒரு நாள் வயிற்றுப்போக்கு, காத்மாண்டுவில் தவறிய பஸ் என்று எது வந்தாலும் அந்த நாளை எங்கிருந்து வெட்டுவீர்கள்? உயரம் பழக மனாங்கில் தங்கும் ஓய்வு நாளில்தான். வேறு எங்கும் வெட்ட இடமில்லை. வெட்டவே கூடாத நாளும் அதுதான்.

கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் அப்படித்தான் வந்தார். பெற்றோர் முக்திநாத்துக்கு வரும் தேதி முடிவாகியிருந்தது, மனாங்கில் ஓர் இரவு மட்டும். யாக் கர்க்காவில் தலைவலி. கூட வந்தவர்களிடம் குளிர் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டை இரண்டு வாயோடு தள்ளி வைத்தார். தோரோங் பேடியில் நானும் அதே விடுதியில் இருந்தேன். விடியுமுன் மூன்று மணிக்கு எல்லாரும் தலை விளக்கோடு கிளம்பியபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னோம். கால் விலகி விலகிப் போனது. மூளையில் நீர் கோத்து வீங்குவதற்கான அறிகுறி அது. அந்த நிலையில் மேலே போக விட்டிருந்தால் உயிர் தங்கியிருக்காது. சுமை தூக்கும் இரண்டு பேர் அவரைத் தோளில் சாய்த்து இருட்டிலேயே கீழே இறக்கினார்கள். யாக் கர்க்காவிலிருந்து குதிரை, பிறகு மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் உதவி மையம். பிழைத்துக்கொண்டார். கணவாய்க்கு அந்தப் பக்கம் அவருடைய அம்மா மகனைப் பற்றித் தகவல் கிடைக்காமல் கோயில் வாசலில் காத்திருந்தார்.

அதே உதவி மையத்தில் சீசனில் தினமும் பிற்பகல், உயரம் பழகாததால் வரும் உயர நோய் பற்றி மருத்துவர்கள் பேசுகிறார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால் போதும். அந்தத் தம்பியின் குழு வாசல் வழியாகவே கடந்து போயிருக்கிறது, நேரமில்லை என்று.

உடம்பு ஒத்துழைத்தாலும் வானம் ஒத்துழைக்க வேண்டுமே. 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூட்ஹூட் புயலின் மிச்சம், 14ஆம் தேதி இந்தக் கணவாயில் பனிப்புயலாகக் கொட்டியது. அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்டோபர்தான் சிறந்த மாதம் என்று எல்லாரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தால் கணவாய்க்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட வேண்டும். தேதி குறித்தவரால் உட்கார முடியாது.

அதனால் இப்படிப் போடுங்கள்: பிசாங், மனாங்கில் இரண்டு அல்லது மூன்று இரவு, யாக் கர்க்கா, தோரோங் பேடி, அப்புறம் கணவாய். மனாங்கில் சும்மா படுத்திருக்க வேண்டாம். பகலில் கங்காபூர்ணா ஏரிக்கு மேலே உள்ள மேடு வரை ஏறி, இரவுக்கு மனாங்குக்கே இறங்கி வாருங்கள். கணவாய்க்கு முன்னால் இரண்டு நாள் வெறுமனே விடுங்கள். பெற்றோரைப் போக்ராவிலேயே தங்கச் சொல்லுங்கள். நீங்கள் முக்திநாத்தில் இறங்கிப் போன் செய்த பிறகு அவர்கள் கிளம்பட்டும். அவர்களும் ஜோம்சோமில் ஓர் இரவாவது தங்கித்தான் மேலே வர வேண்டும். போக்ராவின் 820 மீட்டரிலிருந்து ஒரே நாளில் முக்திநாத்தின் 3,700 மீட்டருக்கு மேல் ஏறுவது வயதானவர்களுக்கும் நல்லதல்ல. காலிகண்டகிப் பள்ளத்தாக்கில் பகல் ஏற ஏறக் காற்று பலமாகிவிடும் என்பதால் ஜோம்சோம் விமானங்கள் காலையில்தான் பறக்கும், அடிக்கடி ரத்தும் ஆகும். காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டையும் இதை மனதில் வைத்தே போடுங்கள்.

எதிர்த்திசையில் சுற்றுவது

முக்திநாத்திலிருந்து கணவாய்க்கு ஒரே மூச்சில் 1,600 மீட்டர் ஏற்றம். முதல் முறைக்கு வேண்டாம்.

ஊர்ச் சாப்பாட்டைச் சுமப்பது

புளிக்காய்ச்சல் ஒரு சின்ன டப்பா போதும். ரெடி டு ஈட் பாக்கெட்டுகளை ஐந்து கிலோவுக்குக் கட்டிக்கொண்டு போனவர்கள் பாதியை வழியில் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள்.

ஆதாரோடு விமான நிலையம் போவது

செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை.

டயமாக்ஸ் இருக்கிறது என்ற தைரியம்

டயமாக்ஸ் என்பது உயர நோய்க்கான மாத்திரை, மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். அது உடல் பழகுவதற்கு உதவும். ஓய்வு நாளுக்கு மாற்று கிடையாது. தலைவலி இருப்பவர் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது, மாத்திரை போட்டிருந்தாலும்.

காப்பீட்டின் உயர வரம்பைப் படிக்காதது

பல பயணக் காப்பீடுகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் பொருந்தாது. 5,416 மீட்டர் வரை செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்பும் சேர்ந்ததா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.