காது கேளாதோர் விடுதிக்குப் புதிதாக வரும் காப்பாளருக்கு

வந்ததும் விளக்குகளைப் பாருங்கள். கரண்ட் போனால் இருட்டில் சைகை தெரியாமல் நம் பிள்ளைகளுக்குள் பேச்சே நின்றுவிடும். ஒவ்வொரு அறைக்கும் எமர்ஜென்சி விளக்கு கேட்டு வாங்குங்கள். எழுப்பும்போது விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுங்கள், அல்லது கட்டிலைத் தட்டுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள், பயந்துவிடுவார்கள்.

இரவில் காது கருவிகளை வாங்கி, பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, பெயர் ஒட்டிய டப்பாவில் வையுங்கள். வியர்வை ஈரம்தான் கருவிக்கு எமன். காதுக்குள் பொருந்தும் பகுதியான காது அச்சை மட்டும் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவலாம். பிள்ளை வளர வளர அச்சு தளர்ந்து கருவி விசிலடிக்கும். அது பெரும்பாலும் பிள்ளைக்குக் கேட்காது. நீங்கள்தான் கவனித்துப் புது அச்சு எடுக்கச் சொல்ல வேண்டும்.

சைகை மொழியைப் பெரிய பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளுங்கள். சைகை தெரிந்த ஆசிரியர்களை நியமிக்க வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் ராத்திரி வயிற்றுவலி என்று ஒரு குழந்தை எழுந்து வரும்போது அங்கே இருப்பது நீங்கள்தான். எங்கே வலி, எப்போதிலிருந்து, யாராவது அடித்தார்களா: இந்தச் சைகைகளை முதல் வாரமே பழகுங்கள். லீவுக்கு அழைத்துப்போக வரும் அம்மா அப்பாவுக்கும் இவற்றைக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.