குதிரையை விட்டுவிட்டு ஃபேயோலை நடத்தலாமா? மேலாண்மை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.பி.ஏ. முதலாண்டு மாணவர்களுக்கு மேலாண்மைக் கோட்பாடுகள் தாளை நடத்தத் தொடங்கிய புதிதில், நிர்வாகத்துக்காக ஹென்றி ஃபேயோல் வகுத்த 14 கோட்பாடுகளையும் ஒரே வகுப்பில் கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டுப் பெருமையோடு வெளியே வந்திருக்கிறேன். மாணவர்களும் வரிசை பிசகாமல் தேர்வில் எழுதினார்கள். பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டவனும் நான்தான். அடுத்த செமஸ்டரில் அவர்களிடமே "கட்டளை ஒருமை, அதாவது ஒருவருக்கு ஒரே மேலதிகாரிதான் கட்டளையிட வேண்டும் என்பது, எதற்காக?" என்று கேட்டேன். விழித்தார்கள். நோயைச் சொல்லாமல் மருந்துச் சீட்டை மட்டும் உருப்போட வைத்தால் வேறென்ன நடக்கும்?

மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய் இந்தத் தவறுதான். ஃபேயோல் 1860இல் பிரான்சின் கொமான்ட்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் பொறியாளராகச் சேர்ந்தவர். ஒரு நாள் சுரங்கத்துக்குள் வேலை செய்த குதிரைக்குக் கால் உடைந்தது. மாற்றுக் குதிரை கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இயக்குநரின் கையெழுத்து இல்லை என்று லாயக்காரர் மறுத்துவிட்டார். இயக்குநர் வெளியே போயிருந்தார். அவர் இடத்தில் பார்த்துக்கொள்ள யாரையும் வைத்துவிட்டுப் போகவில்லை. கெஞ்சியும் பலனில்லை. அந்தத் தளத்தில் உற்பத்தி நின்றது. ஃபேயோலே இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

இதைச் சொல்லிவிட்டு, "லாயக்காரர் செய்தது சரியா?" என்று மட்டும் கேளுங்கள். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். துறைத்தலைவர் விடுப்பில் போனதால் பந்தல்காரருக்கு முன்பணம் தர முடியாமல் போன கதையை யாராவது எடுத்துவிடுவார்கள். அதிகாரம், பொறுப்பு, மேலிருந்து கீழ்வரை யார் யாருக்குக் கீழ் என்ற படிநிலைத் தொடர் எல்லாம் அந்தச் சண்டைக்குள்ளேயே வந்துவிடும். பெயர் சூட்டுவது மட்டுமே ஆசிரியரின் வேலை.

14 என்ற எண்ணும் வேதவாக்கு இல்லை. 1916இல் தம் கருத்துகளை வெளியிட்டபோது, கோட்பாடுகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்று அவரே சொல்லிவிட்டார். படிநிலைத் தொடரை வகுத்த அதே மனிதர், அவசரத்தில் பக்கத்துத் துறைக்காரரோடு நேரே பேசிக்கொள்ள ஒரு பாலத்தையும் போட்டு வைத்தார். நம்முடைய நோட்ஸில் ஏணி இருக்கும், பாலம் இருக்காது.

அறிவியல்முறை மேலாண்மையை முன்வைத்த அமெரிக்கப் பொறியாளர் டெய்லரையும் ஃபேயோலையும் அடுத்தடுத்த படங்களாகச் சுவரில் மாட்டி, இருவருக்கும் "பங்களிப்பு" என்ற ஒரே தலைப்பைக் கொடுப்பது இன்னொரு பிழை. அவர்களுக்குள் நிஜமான கருத்து மோதல் இருந்தது. ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர்கள் என்றார் டெய்லர். அது கட்டளை ஒருமையைக் குலைத்துவிடும் என்றார் ஃபேயோல். டெய்லரின் இரும்புக் கட்டிக் கணக்கையும் விட்டுவிடாதீர்கள்: நாளுக்கு 12.5 டன் சுமந்த ஆளை 47 டன் சுமக்க வைத்தார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. வேலை ஏறக்குறைய நாலு மடங்கு, கூலி உயர்வு அறுபது சதவீதம். நியாயமா? மாணவர்களே கணக்குப் போடட்டும். டெய்லர் இந்தக் கதையை மிகைப்படுத்திச் சொன்னார் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும், உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடைப் பற்றி ஒரு வரி போதும்: 1943இல் வந்த அவருடைய கட்டுரையில் பிரமிடே கிடையாது. ஒரு தேவை முழுதும் நிறைவேறிய பிறகுதான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை.

தமிழில் விளக்கும்போது நாம் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. "கட்டுப்படுத்துதல்" என்றதும் மாணவர் மனத்தில் பிரம்பு வைத்திருக்கும் உடற்பயிற்சி ஆசிரியர்தான் வருவார். நம் ஊரில் கட்டுப்பாடு என்றால் ஒழுக்கம், அடக்கம். இந்தப் பாடத்திலோ அது ஓர் ஒப்பீடு: போட்ட திட்டம் என்ன, நடந்தது என்ன, எங்கே பிசகியது, எதைத் திருத்த வேண்டும். இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால், கண்காணிப்பு கேமரா பொருத்துவதுதான் கட்டுப்படுத்துதல் என்று விடைத்தாளில் எழுதுவார்கள். எழுதியும் இருக்கிறார்கள். "மேலாண்மை" என்ற சொல்லில் இருக்கும் "மேல்" என்ற பகுதியும் அப்படித்தான். மேலே உட்கார்ந்திருப்பவரின் வேலை என்ற எண்ணத்தை அதுவே ஊட்டிவிடுகிறது.

எடுத்துக்காட்டு என்றாலே அமெரிக்க நிறுவனங்களுக்கு ஓடுகிறோம். கூகுள் அலுவலகத்தின் இலவசச் சாப்பாட்டைக் கேட்டு மாணவர்கள் பெருமூச்சு விடுவார்கள், அவ்வளவுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு மேசையில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர்கள் தயார் செய்துவிடுகிறார்கள். அவர் திரும்பினால் போதும். வேலைப் பகிர்வுக்கு இதைவிடக் கண்ணில் தெரியும் பாடம் கிடைக்காது. பாட்டியை அங்கே அழைத்துப் போய்வந்த மாணவர் வகுப்பில் ஒருவராவது இருப்பார். அவரையே பேச விடலாம்.

குழுப்பணி என்ற பெயரில் நாம் கொடுப்பது பெரும்பாலும் ஒருவர் தயாரித்து ஐவர் மேடையில் நிற்கும் நாடகம். அதில் யாரும் எதையும் நிர்வகிப்பதில்லை. அதற்குப் பதிலாக, கல்லூரி விளையாட்டு நாளில் ஒரு தேநீர்க் கடை போடச் சொல்லுங்கள். முதல் நாளே எத்தனை லிட்டர் பால், எத்தனை கோப்பை, யார் அடுப்பில், யார் கல்லாவில் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிப் பூட்டி வையுங்கள். பால் திரியட்டும், சில்லறை தீரட்டும், நடுவில் புகுந்து உதவாதீர்கள். மறுநாள் அந்தத் தாளையும் மிஞ்சிய பால் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டுப்படுத்துதல் பாடத்தைத் தொடங்கலாம்.