பிரசவ உதிரப்போக்கு: காரைக்குடிப் பக்கத்துப் பயிற்சி மருத்துவர்களுக்கு

செட்டிநாட்டில் பிரசவத்துக்கு வரும் பெண்ணோடு, துவைத்து மடித்த பழைய நூல்சேலைகளும் ஒரு பையில் வந்துவிடும். அரக்கு நிறக் கண்டாங்கித் துணி எவ்வளவு இரத்தத்தைக் குடித்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. ஆகவே கண்மதிப்பை விட்டுவிட்டு, குழந்தை பிறந்தவுடன் தாயின் இடுப்புக்கடியில் அளவுக்கோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பை இட வேண்டும். ஊறிய துணியை எடைபோட்டு உலர்ந்த எடையைக் கழித்தால், 1 கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லி என்று கணக்கு வந்துவிடும். 500 மில்லி வரை காத்திருக்கக் கூடாது. 300 மில்லியைத் தாண்டும்போதே நாடித்துடிப்பு 100-க்கு மேல் ஏறியிருந்தாலும், மேல் இரத்த அழுத்தம் 100-க்குக் கீழ் இறங்கியிருந்தாலும் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு வழிகாட்டுதல்.

உதவிக்குக் குரல் கொடுத்தபடியே கையை அடிவயிற்றில் வையுங்கள். கர்ப்பப்பை கொழுக்கட்டை மாவுபோல் குழைந்திருந்தால், அது கல்லாக இறுகும்வரை தேய்த்துவிட வேண்டும். அதே நேரத்தில் செவிலியர் ட்ரிப்ஸில் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசினை 10 யூனிட்டும், உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் ட்ரனெக்சாமிக் அமிலத்தை 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாகச் சிரையிலும் செலுத்துவார். பின்னது பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டிய மருந்து. ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும் பழைய வழக்கத்தில்தான் நேரம் கரைகிறது. (சித்திரை வெயிலில் தட்டில் கிடந்த ஆக்ஸிடோசினை நம்ப வேண்டாம், அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது.)

கர்ப்பப்பை இறுகியும் இரத்தம் நிற்கவில்லையென்றால் பிறப்புவழியில் கிழிசலைத் தேடுங்கள். நஞ்சுக்கொடி முழுமையாக வந்ததா, சிறுநீர்ப்பை காலியா என்றும் பாருங்கள். கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 7 நிமிடமாகியும் உறையாவிட்டால், உறைதலிலேயே கோளாறு என்று கொள்ளலாம். அடுத்த கட்ட மருந்துகளில், இரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு மெத்தில்எர்கோமெட்ரினும் ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போப்ரோஸ்டும் ஆகாது.

அதற்கும் அடங்காவிட்டால், கதீட்டர் குழாயில் ஆணுறையைக் கட்டிக் கர்ப்பப்பைக்குள் வைத்து, உப்புநீர் நிரப்பி அழுத்தம் கொடுத்து, அதிர்ச்சி தடுப்பு உடையை (கால்களையும் வயிற்றையும் அழுத்தி, இரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலையைத் தடுப்பது) கணுக்காலிலிருந்து மேல்நோக்கி இறுக்கிக் கட்டியபின், சிவகங்கைக்கோ மதுரைக்கோ முன்கூட்டியே போன் செய்துவிட்டு அனுப்ப வேண்டும். அனுப்பும் தாளில் எத்தனை மில்லி போயிற்று, எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதுங்கள். ‘அதிக உதிரப்போக்கு’ என்று மட்டும் எழுதினால், அங்கே வாங்கிக்கொள்ளும் மருத்துவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.