வெடிப்பலாவை இலையை வைத்தே அடையாளம் காண்பது எப்படி?

மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, குதிரைவெட்டிப் பக்கத்துப் பசுமைமாறாக் காட்டில் வெடிப்பலா (குல்லெனியா எக்சாரில்லாட்டா) முக்கியமான மரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. முப்பது மீட்டர் வரை வளரும். புதிதாகப் பார்ப்பவர்கள் முள்ளுக்காயைத் தேடி அண்ணாந்தே நிற்பார்கள். காய் எல்லா மாதமும் இருக்காது; இலை எப்போதும் காலடியில் கிடக்கும். அதில் தொடங்குங்கள். இலையின் அடிப்புறத்தில் மின்னும் நுண்செதில்கள்தான் முதல் அடையாளம்.

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், உலர்ந்த பருத்தித் துணி, பென்சில், நோட்டு. பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். இருண்ட காட்டில் பத்து மடங்கு பைனாகுலர் கை நடுக்கத்தைத்தான் பெரிதாகக் காட்டும். செல்போன் செயலியை நம்பி முடிவு கட்டாதீர்கள். இலையின் மேல்புறப் படத்தில் செதில் எங்கே தெரியும்?

1. முதலில் குற்றாலத்தில் துரியன் இலையில் பழகுங்கள். துரியனும் வெடிப்பலாவும் நெருங்கிய உறவு, இரண்டின் இலையிலும் இதே வகைச் செதில்தான். துரியன் இலை ஒன்று கிடைத்தால் அடிப்புறத்தை லென்ஸில் பாருங்கள். பொன்னும் வெள்ளியுமாக மின்னுவது முடியல்ல, வட்டச் செதில்கள். ஒவ்வொன்றும் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு குடை விரித்தாற்போல் இருக்கும். இதைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டு மலையேறுங்கள்.

2. இலையின் ஈரத்தை எடுங்கள். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். ஈரம் படிந்த இலையில் செதிலின் மினுமினுப்பு தெரியாது. வெறும் மங்கலான பச்சையாகத் தோன்றும். துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஓரிரு நிமிடம் காற்றாட விட்டு, வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு இலையை அருகே கொண்டுவாருங்கள். மக்கிய இலை உதவாது, செதில் உதிர்ந்திருக்கும்.

3. கூட்டாளிகளைக் கழித்துவிடுங்கள். இந்தக் காட்டு வகைக்கே குல்லெனியா–மெசுவா–பாலாகுவியம் என்றுதான் பெயர். மூன்றும் கலந்தே நிற்கும்.

நாங்கு (மெசுவா): இலைகள் எதிரெதிராக இருக்கும். அடிப்புற வெண்மை மெழுகுப் பூச்சு. லென்ஸில் செதில் தெரியாது. கொழுந்து செக்கச்செவேல் என்றிருக்கும்.

பாலி (பாலாகுவியம்): இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும், பால் வடியும். ஆனால் உதிர்ந்து காய்ந்த இலையில் பால் வராததை வைத்து "பாலி இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது.

வெடிப்பலா: இலைகள் மாறி மாறி அமையும், நுனி கூராக நீளும், பால் கிடையாது.

செதில் இருந்தாலே வெடிப்பலா என்றும் நினைத்துவிட வேண்டாம். சில அக்லையா மரங்களுக்கும் செதில் உண்டு. அவற்றுக்குக் கூட்டிலை (ஒரே காம்பில் பல சிற்றிலைகள்), அதிலிருந்து உதிர்ந்த ஒரு சிற்றிலை தனி இலைபோல ஏமாற்றும். எலியாக்னஸ் கொடியின் இலையும் வெள்ளியாக மின்னும். அதனால் ஒற்றை இலையோடு நிறுத்தாமல், காற்றில் முறிந்து விழுந்த குச்சியைத் தேடி இலை அடுக்கைப் பாருங்கள்.

4. பூவும் காயும் இருந்தால். பூவுக்கு இதழே கிடையாது. குழல்போலத் தெரிவது புல்லிவட்டம் (இதழுக்கு வெளியே மொட்டை மூடியிருக்கும் பகுதி). பூ இலைக்கொத்தில் வராது, அதற்குப் பின்னால் இலையற்ற கிளைப்பகுதியில் நெருக்கமாக வரும். பைனாகுலரை அங்கே திருப்புங்கள். வௌவால், குரங்கு, மலையணில் எல்லாம் தேடி வரும் பூ இது. காய் முட்கள் நிறைந்த உருண்டை. முற்றினால் வெடிக்கும், பலாப்பழம் அப்படி வெடிப்பதில்லை. துரியனைப் போல விதையைச் சுற்றிச் சதையும் இருக்காது. சிங்கவால் குரங்குக்கு இந்த விதை முக்கியமான உணவு. தரையில் முள்தோல் சிதறிக் கிடந்தால் மேலே பாருங்கள், கூட்டம் இருக்கலாம்.

இது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதியோடுதான் போக வேண்டும். இலையோ விதையோ எடுத்து வராதீர்கள். இலையின் இரு புறமும், குச்சியில் இலை அமைந்த விதமும், அடிமரமும் தெரியும்படி அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடமும் தேதியும் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.