இரண்டாவது ஸ்டிக்கரைப் படியுங்கள்: டெக்ஸாஸில் முதல் புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

டாலஸ் அருகே பிளேனோவில் வீடு எடுத்தாலும் சரி, ஃபிரிஸ்கோ, இர்விங் பக்கம் எடுத்தாலும் சரி, கார் இல்லாமல் இங்கே பால் வாங்கக்கூட முடியாது. ஆபீஸ் நண்பர்களிடம் தினமும் லிஃப்ட் கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்த அவசரத்தில்தான் பலரும் ஷோரூமுக்குள் நுழைகிறார்கள். நுழைவதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஆவண வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்என் எனப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண் வந்ததும் வங்கிக் கணக்கு. லைசென்ஸ் கொடுக்கும் மாநிலத் துறையான டிபிஎஸ் அலுவலகத்தில் லைசென்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்க நாளாகும், அதனால் வந்த வாரமே பதிந்துவிடுங்கள். டெக்ஸாஸில் குடியேறியவர்கள் செல்லுபடியாகும் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு 90 நாள் ஓட்டலாம். இன்சூரன்ஸுக்கு முன்கூட்டியே விலை கேட்டு வையுங்கள், அது இல்லாமல் சாவி தரமாட்டார்கள். இதெல்லாம் அலைச்சலே தவிர ஆபத்து இல்லை. பணம் போவது வேறு இடத்தில்.

நம் ஊரில் எக்ஸ் ஷோரூம் விலை, ஆன் ரோடு விலை என்று இரண்டு உண்டு. இடையில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வரி, பதிவு, இன்சூரன்ஸ். அங்கேயும் ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரீஸ் பேக் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆனால் எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலே சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாம், கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவோம். இங்கே அந்தப் பழக்கம் செல்லாது. எம்எஸ்ஆர்பி என்பது கம்பெனி சொல்லும் உத்தேச விலை, அவ்வளவுதான். டீலர் தனி வியாபாரி. அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்க அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

புதுக் காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருக்கும். வண்டியின் அடையாள எண், என்ஜின், கம்பெனி பொருத்தி அனுப்பிய வசதிகள், கம்பெனியிலிருந்து டீலர் வரை கொண்டுவந்த கட்டணம், எம்எஸ்ஆர்பி, மைலேஜ், பாதுகாப்பு நட்சத்திரங்கள் எல்லாம் அதில் இருக்கும். இதை மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி முன்னின்று 1958இல் கொண்டுவந்த சட்டத்தால் வந்தது. டீலர்கள் இஷ்டத்துக்கு விலையை ஏற்றிச் சொன்னதால்தான் அந்தச் சட்டமே தேவைப்பட்டது. வாங்குபவர் கைக்கு வண்டி வரும்வரை அதைக் கிழிக்கக் கூடாது.

அதன் பக்கத்திலேயே கொஞ்சம் சின்னதாக இன்னொரு தாள் இருக்கும். அதே மாதிரி எழுத்து, அதே மாதிரி கட்டம், கீழே கூட்டுத்தொகை. புதிதாக வந்தவர் பார்த்தால் அதுவும் கம்பெனி ஒட்டியது என்றே நினைப்பார். இல்லை, அது டீலர் தன் கணினியில் அச்சடித்து ஒட்டிய அடெண்டம் ஸ்டிக்கர். அதிலுள்ள எந்தத் தொகையும் அரசு விதித்ததும் இல்லை, கம்பெனி விதித்ததும் இல்லை.

என் நண்பர் ஒருவர், வயதில் இளையவர், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மனைவிக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்ததால் வண்டி உடனே வேண்டும் என்ற நிலை. அவர் வாங்கிய காரின் இரண்டாவது ஸ்டிக்கரை பிறகு எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினார். டயரில் நைட்ரஜன் 199 டாலர். கண்ணாடியில் அடையாள எண் பொறித்தது 399. கதவு ஓரத்து பிளாஸ்டிக் பட்டை 199. பெயின்ட்டுக்கும் சீட் துணிக்கும் பாதுகாப்புப் பூச்சு 1,299. வீல் லாக் 149. கடைசி வரியில் மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட் 3,000. ஆக மொத்தம் 5,245 டாலர்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியையும் நைட்ரஜனாக்கிக் கொடுத்ததற்கு 199 டாலர். கண்ணாடியில் எண் பொறிக்கும் ஸ்டென்சில் செட்டைச் சொற்பக் காசுக்கு வாங்கி நீங்களே பொறித்துக்கொள்ளலாம். கதவுப் பட்டையும் ஆன்லைனில் மலிவாகவே கிடைக்கிறது. அந்த 1,299 டாலர் பூச்சை உண்மையிலேயே பூசினார்களா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு ஈடாக ஒரு ஸ்க்ரூகூடக் கைக்கு வராது. வண்டிக்கு ஆள் போட்டி போடுகிறது, அதனால் கூடுதல் விலை, அவ்வளவுதான் அர்த்தம். 2021, 2022இல் சிப் தட்டுப்பாட்டின்போது இது உச்சத்தில் இருந்தது. ஃபோர்டு, ஜிஎம் கம்பெனிகளே தங்கள் டீலர்களை எச்சரித்தன. தட்டுப்பாடு தீர்ந்தது, பழக்கம் தீரவில்லை. தேவை அதிகமுள்ள மாடல்களில் இன்னும் ஒட்டுகிறார்கள். நம் ஆட்கள் விரும்பி வாங்கும் ஹைபிரிட், மினிவேன் வகைகளும் அதில் சேரும்.

நண்பர் பேரம் தெரியாதவர் அல்ல. ரங்கநாதன் தெருவில் பாதி விலையிலிருந்து பேச்சைத் தொடங்குகிற குடும்பம். அவரை மடக்கியது ஒரே ஒரு கேள்வி: "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" அதற்கு ஒரு தொகையைச் சொன்னார். அதற்குப் பிறகு காரின் விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சேல்ஸ்மேன் உள்ளே போய் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, இவர் சொன்ன மாதத் தொகைக்கே கொண்டுவந்துவிட்டதாகக் கைகுலுக்கினார். தவணை 60 மாதத்திலிருந்து 72 ஆனது தாளின் நடுவில் ஒரு கட்டத்தில் இருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த 5,245 டாலருக்கு டெக்ஸாஸ் வாகன விற்பனை வரி 6.25 சதவீதமும் சேரும். 7 சதவீத வட்டியில் 72 மாதம் கட்டினால் மாதம் 95 டாலர். ஆறு வருடத்தில் 6,800 டாலருக்கு மேல். ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய பணம் அது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

இதோடு முடியவில்லை. விலை பேசி முடிந்து, வண்டியைக் கழுவ அனுப்பிய பிறகு, ஃபைனான்ஸ் அறை என்று ஒன்றுக்குள் கூட்டிப்போவார்கள். அதற்குள் அங்கே வந்து நாலைந்து மணி நேரம் ஆகியிருக்கும். குழந்தை பசியில் அழும், உங்களுக்கும் தலைவலி. அங்கே இருப்பவர் மிக நாகரிகமாகப் பேசுவார், குடும்பத்தை விசாரிப்பார். பிறகு திரையை உங்கள் பக்கம் திருப்புவார். நான்கு பத்திகளில் நான்கு பேக்கேஜ்: எக்ஸ்டெண்டட் வாரண்டி, கேப் இன்சூரன்ஸ், டயர் பாதுகாப்பு, சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி. எதிலும் மொத்த விலை பெரிய எழுத்தில் இருக்காது, மாதத்துக்கு எத்தனை டாலர் கூடும் என்பது மட்டும்தான் இருக்கும். எதுவுமே வேண்டாம் என்பதற்குப் பத்தி கிடையாது. அதை நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

கேப் இன்சூரன்ஸ் எல்லாருக்கும் வீண் என்று சொல்லமாட்டேன். டவுன் பேமென்ட் குறைவாகப் போட்டு வாங்கிய புது வண்டி விபத்தில் முழுதாகப் போய்விட்டால், இன்சூரன்ஸ் தரும் தொகைக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை அது அடைக்கும். ஆனால் அதே பாதுகாப்பைக் கார் இன்சூரன்ஸ் கம்பெனிகளும், கூட்டுறவு வங்கி மாதிரியான கிரெடிட் யூனியன்களும் பெரும்பாலும் மிகக் குறைந்த விலைக்குத் தருகின்றன. எக்ஸ்டெண்டட் வாரண்டியை அன்றைக்கே எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கம்பெனி வாரண்டி முடிவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் நிதானமாக யோசித்து எடுக்கலாம்.

கிரெடிட் ஸ்கோர் (கடனைத் திருப்பிக் கட்டிய வரலாற்றுக்கான மதிப்பெண்) இல்லாதவர்களிடம் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: இதை எடுத்தால்தான் பேங்க் கடன் கொடுக்கும். அப்படிச் சொன்னால் பேங்க் பெயரோடு எழுத்தில் கேளுங்கள். கடன் கொடுப்பவர் உண்மையாகவே கட்டாயமாக்கினால் அந்தச் செலவை ஏபிஆர் எனப்படும் வருடாந்திர வட்டிவிகிதக் கணக்கில் சேர்த்துக் காட்ட வேண்டும். எழுத்தில் கேட்டதுமே பேச்சு மாறிவிடும்.

இன்னொன்று. அமெரிக்காவில் எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கலாம் என்று வந்த புதிதில் எல்லாரும் சொல்வார்கள். மிக்ஸியைக் கொடுக்கலாம், மெத்தையைக் கொடுக்கலாம். காரைக் கொடுக்க முடியாது. மூன்று நாள் யோசிக்கும் உரிமை என்று ஒரு மத்திய விதி இருப்பது உண்மை, ஆனால் டீலர் கடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு வாங்கிய காருக்கு அது பொருந்தாது. நண்பர் மறுநாள் காலையில் போய் நின்றபோது இதைத்தான் சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார்கள்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்காதீர்கள். நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 டிசம்பரில் நல்ல விதி ஒன்றை அறிவித்தது. மொத்த விலையை முதலிலேயே சொல்ல வேண்டும், பயனில்லாத ஆட்-ஆன்களை, அதாவது காரோடு சேர்த்துத் தலையில் கட்டும் கூடுதல் அயிட்டங்களை, விற்கக் கூடாது என்றது அது. டீலர் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. அமலுக்கு வருவதற்கு முன்பே 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. டாக் ஃபீ எனப்படும் ஆவணக் கட்டணம்கூட மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிஃபோர்னியாவில் 85 டாலருக்கு மேல் வாங்க முடியாது. ஃபுளோரிடாவில் உச்சவரம்பே கிடையாது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் கடன். ஷோரூமுக்குப் போகும் முன்பே ஒரு கிரெடிட் யூனியனில் முன் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஆஃபர் லெட்டர், ஐ-797 (விசா மனு ஒப்புதல் கடிதம்), பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும். எச்1பி விசாக்காரர்களுக்குச் சில இடங்களில் விசா முடியும் தேதி வரைதான் தவணை தருவார்கள், சில இடங்களில் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால் நாலு இடத்தில் விசாரியுங்கள். பேங்க் ஒப்புக்கொண்ட வட்டிக்கு மேல் தன் பங்காகக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லும் வழக்கம் டீலர்களிடம் உண்டு. உங்கள் கையில் வேறொரு ஒப்புதல் இருந்தால் அந்த ஏற்றத்தைக் குறைக்கச் சொல்லலாம்.

அப்புறம் வண்டி. டெக்ஸாஸ் சட்டப்படி கார் டீலர்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து விற்க முடியாது. பெரும்பாலானவர்கள் ஞாயிறு மூடிவிடுவார்கள். அன்றைக்குக் குடும்பத்தோடு போய், வளாகம் திறந்திருந்தால் வண்டி வண்டியாக நடந்து இரண்டு ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். பின்னாலேயே வர சேல்ஸ்மேன் இருக்கமாட்டார். எந்த டீலர் இரண்டாவது ஸ்டிக்கரில் என்ன ஒட்டுகிறார் என்பது ஒரே நடையில் தெரிந்துவிடும்.

பிறகு ஐந்தாறு டீலர்களுக்கு மெயில் அனுப்புங்கள். மாடல், நிறம், ஸ்டாக் நம்பர் குறிப்பிட்டு, அவுட் த டோர் விலை என்ன என்று மட்டும் கேளுங்கள். வரி, பதிவு, டாக் ஃபீ, ஆட்-ஆன் எல்லாம் அடங்கிய கடைசி விலை, வரி வரியாகப் பிரித்து. நேரில் வாங்க பேசலாம் என்று பதில் போடுபவரை விட்டுவிடுங்கள். ஆஸ்டின், ஓக்லஹோமா சிட்டி வரைக்கும் கேளுங்கள், மூன்று மணி நேர டிரைவ் நமக்கு ஒன்றும் பெரிதில்லை. ஆட்-ஆன் ஏற்கெனவே பொருத்திவிட்டோம், கழற்ற முடியாது என்பார்கள். கழற்ற வேண்டாம், நான் கேட்காததற்குக் காசு தரமாட்டேன் என்று சொல்லுங்கள். இல்லையென்றால் இன்னும் வந்து சேராத, வழியில் இருக்கிற வண்டியைக் கேட்டு, எந்த ஆட்-ஆனும் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

மாதத் தவணை எவ்வளவு வேண்டும் என்று யார் கேட்டாலும், மொத்த விலையைச் சொல்லுங்கள் என்பதே உங்கள் பதிலாக இருக்கட்டும். நம்மில் பலருக்கு அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற குணம் உண்டு. காபி கொடுத்தார், இவ்வளவு நேரம் செலவழித்தார், எப்படி எழுந்து போவது என்று தயங்குவோம். எழுந்து போங்கள். அடுத்த நாள் அவரே போன் பண்ணுவார்.

கையெழுத்து இப்போதெல்லாம் டேப்லெட்டில்தான். விரலால் தட்டிக்கொண்டே போகச் சொல்வார்கள். நிறுத்தி, கடன் ஒப்பந்தத்தில் கடன் தொகை எப்படி வந்தது என்ற பிரிவு மட்டும் தாளில் வேண்டும் என்று கேளுங்கள். மெயிலில் வந்த விலையை ஒரு கையிலும் இதை ஒரு கையிலும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் முடிவாகாமலே வண்டியைக் கொடுத்து அனுப்புவதற்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பேங்க் மறுத்துவிட்டது, வட்டி கூடும், வந்து மறுபடி கையெழுத்துப் போடுங்கள் என்று நாலு நாள் கழித்து அழைப்பு வரும். ஸ்கோர் இல்லாத புதியவர்களிடம் இதைக் கூசாமல் செய்கிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: டயரில் ஏற்றிய நைட்ரஜனுக்கும் பெயின்ட் பூச்சுக்கும் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்ப வராது. எக்ஸ்டெண்டட் வாரண்டியையும் கேப் இன்சூரன்ஸையும் பொதுவாக ரத்து செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் செய்கிறீர்களோ அவ்வளவு அதிகம் கிடைக்கும், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் விவரம் இருக்கும். போனில் சொல்லி விட்டுவிடாதீர்கள், எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் அப்படித்தான் வாரண்டியை ரத்து செய்தார். பணம் அவர் கைக்கு வரவில்லை, நேராகக் கடன் அசலில் கழிந்தது. மாதத் தவணை குறையாது, கடைசியில் சில தவணைகள் மிச்சமாகும். பேங்க் கணக்கில் அது வரவு வைக்கப்படும் வரை மாதாமாதம் பாக்கியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.